ஆறு வார விடுப்பின் கதை: கருச்சிதைவும் ஓசூர்ப் பெண்களும்

2021 மார்ச் மாதம் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கருச்சிதைவு ஏற்பட்டால் அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய துணைவருக்கும் சம்பளத்துடன் மூன்று நாள் விடுப்பு. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அது பெரிய செய்தியானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் இந்த உரிமை 1961-லேயே வந்துவிட்டது. அதுவும் மூன்று நாள் அல்ல, ஆறு வாரம்! ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இந்த ஆறு வாரம் உண்டு. பி.காம் மாணவர்களின் தொழிற்சட்டப் பாடத்தில் ஒரே ஒரு வரியாக வந்து போகும் இந்த விடுப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சட்டத்தின் வரலாறு ஒரு பக்கம், மருத்துவத்தின் வரலாறு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு என்ன தந்திருக்கின்றன, எதைத் தரவில்லை என்பதே இந்தக் கட்டுரை.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

தானாகக் கலைவது கருச்சிதைவு. கலைப்பது கருக்கலைப்பு. எழுத்துத் தமிழில் இந்த வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் 'அபார்ஷன்' என்ற ஒரே சொல்தான். 'அவளுக்கு அபார்ஷன் ஆயிடுச்சு' என்று யாராவது சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் எழுவது அனுதாபமா, சந்தேகமா என்று சொல்ல முடியாது.

பழைய மருத்துவ நூல்கள் இதில் கவனமாக இருந்தன. சுசுருத சம்ஹிதை நான்காம் மாதம் வரை கலைவதை 'கர்ப்பஸ்ராவம்' என்றும், ஐந்து ஆறாம் மாதங்களில் கலைவதை 'கர்ப்பபாதம்' என்றும் பிரித்துச் சொல்கிறது. அதாவது இது ஒரு உடல் நிகழ்வு, அதற்குக் கால அளவு உண்டு என்ற பார்வை.

புராணங்களின் பார்வை வேறு. தஞ்சை மாவட்டம் பாபநாசம் அருகே உள்ள திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோவிலின் தலக்கதை பலருக்கும் தெரியும். கணவர் நித்துருவர் வெளியே போயிருந்த நேரம், கர்ப்பிணியான வேதிகை களைப்பில் கிடந்தாள். வாசலில் பிச்சைக்கு வந்த முனிவரின் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் சபித்தார், கரு கலைந்தது. அம்மன் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாகக் கொடுத்தாள் என்பது கதை. இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே போகிறார்கள். ஆறுதல் தரும் கதைதான். ஆனாலும் அதில் கரு கலைந்ததற்குக் காரணம் அவள் செய்த 'தவறு' என்று இருப்பதைக் கவனியுங்கள். பப்பாளி சாப்பிட்டாளா, குடம் தூக்கினாளா, பைக்கில் போனாளா என்று இன்று வீடுகளில் நடக்கும் விசாரணைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் கருச்சிதைவு என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள் வந்தபோது குற்றமாகத்தான் வந்தது. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கருச்சிதைவு ஏற்படுத்துபவருக்குத் தண்டனை விதித்தது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அது பொருந்தும். தானாகக் கலைந்தால் குற்றமே இல்லை. ஆனால் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணிடம் 'என்ன சாப்பிட்டாய், யார் கொடுத்தார்கள்?' என்று கேட்கும் பழக்கத்துக்கு அந்தக் காலத்துப் பயமும் ஒரு காரணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே குற்றம் 88-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நடுவில் 1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், எந்தச் சூழ்நிலையில் டாக்டர் கர்ப்பத்தைக் கலைக்கலாம் என்று வழி வகுத்தது.

குற்றம் உரிமையான கதை

அதே சொல் தொழிலாளர் சட்டத்துக்குள் உரிமையாக வந்தது எப்படி?

1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் விடுப்பு என்று ஒரு உடன்படிக்கை போட்டது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனால் பம்பாயில் பஞ்சாலைப் பெண்களுக்காக 1928-ல் ஒரு மசோதா வந்தது. பம்பாய் சட்டமன்றத்தில் அதை ஆதரித்துப் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலனுக்கே நல்லது என்பது அவருடைய வாதம். 1929-ல் அது சட்டமானது. சென்னை மாகாணம் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைப் பின்பற்றியது. மைசூர் சமஸ்தானமும் 1930-களில் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போது ஓசூர் சேலம் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தின் விளிம்பில் இருந்தது. சில மைல் தாண்டினால் மைசூர் ராஜ்யம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1961-ல் நாடு முழுவதற்குமான மகப்பேறு நலச் சட்டம் வந்தது. அதன் 9-ஆம் பிரிவுதான் இந்தக் கதையின் கதாநாயகன். கருச்சிதைவு ஏற்பட்ட பெண் உரிய சான்றைக் கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதனால் உடல்நலம் கெட்டால் 10-ஆம் பிரிவின்படி மேலும் ஒரு மாதம். அது மட்டுமல்ல, தெரிந்தே அந்த ஆறு வாரத்தில் அவளை வேலை வாங்கக் கூடாது என்று 4-ஆம் பிரிவு முதலாளிக்குத் தடை போட்டது. கர்ப்பத்தின் 26-வது வாரம் வரை நிகழ்வது கருச்சிதைவு என்று சட்டமே வரையறுத்தது. 1995 திருத்தம் மருத்துவக் கருக்கலைப்பையும் இதே பிரிவில் சேர்த்தது.

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய 1961 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. ஆறு வாரம் மட்டும் மாறவில்லை. இப்போது அது 65-ஆம் பிரிவு.

ஓசூருக்கு வந்த பெண்கள்

1971-ல் சிப்காட் நிறுவனம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் ஓசூர் தொழிற்பேட்டை உருவானது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. அதே பத்தாண்டில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது, 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது, 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இப்போது செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். பலர் வெளி மாவட்டம், வெளி மாநிலம். ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ தங்கியிருப்பவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் கேட்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நிகழ்பவை. ஆனால் கடினமான வேலையிலிருந்து கர்ப்பிணிக்கு விலக்கு கேட்கும் உரிமையைச் சட்டம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களுக்குத்தான் எழுதியது. முதல் மூன்று மாதத்தில் அவள் கர்ப்பம் என்பதே சூப்பர்வைசருக்குத் தெரியாது. 'மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்' என்பது நம் வீட்டு வழக்கம்.

இரவு ஷிப்ட் விஷயத்தையும் பாருங்கள். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. சம உரிமை என்ற வகையில் அது பெரிய தீர்ப்பு. 2019-ல் டென்மார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில், எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு அபாயம் சுமார் 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது ஒரு தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கர்ப்பத்தைச் சீக்கிரம் சொல்லிப் பகல் ஷிப்ட் கேட்க இது நல்ல ஆதாரம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பெண்ணின் சம்பளம் மாதம் 15,000 ரூபாய், நாளுக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.க்காக அவள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது மாதம் சுமார் 113 ரூபாய். கருச்சிதைவு என்று சான்று கொடுத்தால் 42 நாளுக்கு 21,000 ரூபாய் கிடைக்கும். அதை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது, முதலாளி கையிலிருந்து போவதில்லை. 'காய்ச்சல்' என்று சொன்னால் நோய்க்கால உதவி 70 சதவீதம்தான், அதுவும் சில நாளுக்கு. எதுவுமே சொல்லாமல் மூன்று நாள் லீவு போட்டால் 1,500 ரூபாய் நஷ்டம். நான்காவது நாள் ரத்தப்போக்கோடு எட்டு மணி நேரம் நின்று வேலை.

காண்டிராக்ட் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. அது மத்திய அரசுத் திட்டம் என்பதால் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாலும் எண் ஒன்றுதான். பிரச்சினை இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு. ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாத் தோட்டங்களிலும், கட்டட வேலையிலும், வீட்டு வேலையிலும் தினக்கூலிக்குப் போகும் பெண்களுக்குப் பெரும்பாலும் இந்த அட்டை கிடையாது. அவர்களுக்கு ஆறு வாரம் என்பது புத்தகத்தில் மட்டும்தான்.

மருத்துவம் மாறிய விதம்

இனி மறுபக்கம். நம் ஊரில் கருச்சிதைவு என்றதும் 'கழுவி விடணும்' அல்லது 'டி அண்ட் சி பண்ணணும்' என்பார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டும் கரண்டி போன்ற கருவியை 1840-களில் பாரிஸில் பயன்படுத்தியவர் ரெக்கமியே என்ற மருத்துவர். 20-ஆம் நூற்றாண்டில் கருச்சிதைவு என்றாலே உடனே சுத்தம் செய்வது உலக வழக்கமானது. அதற்கு நியாயமும் இருந்தது. நோய்க்கிருமி மருந்துகள் சரியாக இல்லாத காலம் அது. மறைவாகக் கருக்கலைப்பு செய்துகொண்டு கிருமித்தொற்றோடு வந்தவர்கள் ஏராளம். உள்ளே மிச்சம் இருந்தால் உயிர் போகும் என்ற நிலை.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. 1958-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயான் டொனால்ட் வயிற்றுக்குள் ஒலி அலையால் பார்க்கும் முறையை வெளியிட்டார். அதுதான் இன்றைய ஸ்கேன். அதே ஆண்டு சீன மருத்துவர்கள் உறிஞ்சி எடுக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். சுரண்டுவதைவிட அது பாதுகாப்பானது என்று பின்னர் தெரிந்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனம் பழைய சுரண்டும் முறையைக் கைவிடும்படி சொல்லிவிட்டது. 1973-ல் வயிற்றுப்புண்ணுக்காக உருவான மிசோப்ரோஸ்டால் மாத்திரை கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதும் தெரியவந்தது. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த மாத்திரை 84 சதவீதப் பெண்களுக்கு வேலை செய்தது. உறிஞ்சும் முறை 97 சதவீதம்.

இவற்றில் பெரிய மாற்றம் ஸ்கேன்தான். முன்பு ரத்தம் வந்தால்தான் தெரியும். இப்போது எட்டாவது வாரத்தில் 'ஹார்ட் பீட் இல்லை' என்று திரையிலேயே தெரிந்துவிடுகிறது. உடம்பில் எதுவும் நடக்காத நிலையில் செய்தி மட்டும் முதலில் வருகிறது. அதனால்தான் 'இனி என்ன செய்வது' என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே உருவானது.

மூன்று வழிகள்

ஒன்று, தானாக வெளியேறும் வரை காத்திருப்பது. இரண்டு, மாத்திரை. மூன்று, உறிஞ்சி எடுப்பது. எது நல்லது?

2006-ல் பிரிட்டனில் 1,200 பெண்களிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு பதில் சொன்னது. கிருமித்தொற்று மூன்று வழியிலும் 2 முதல் 3 சதவீதம்தான், வித்தியாசம் இல்லை. ஆனால் திட்டமிடாமல் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தவர்கள் காத்திருந்தவர்களில் 49 சதவீதம், மாத்திரையில் 18, அறுவை முறையில் 8. அதே பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் எழுதியபோது, எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஐந்தாண்டுக்குள் சுமார் 80 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்திருந்தது. 'சுத்தம் செய்தால் இனிமேல் குழந்தை பிறக்காது', 'சுத்தம் செய்யாவிட்டால் பிறக்காது' என்ற இரண்டு பயங்களுக்கும் இதுவே பதில்.

ஆகவே அவசரம் எதுவும் இல்லாதபோது, எது சரி என்பது அந்தப் பெண்ணின் சூழ்நிலையைப் பொறுத்தது. அஞ்செட்டி பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் இருப்பவள் காத்திருந்தால், நள்ளிரவில் ரத்தம் அதிகமானால் எந்த வண்டியில் வருவாள்? எட்டுப் பேர் ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் ஹாஸ்டலில் மாத்திரை போட்டுக்கொண்டு வலியோடு ஒரு பெண் எங்கே படுப்பாள்? ஆஸ்பத்திரி பக்கத்தில், அம்மா கூடவே இருந்தால் வீட்டில் காத்திருப்பதே ஒருத்திக்கு நிம்மதியாக இருக்கலாம். 'ஒரேயடியாக முடிந்துவிடட்டும்' என்று இன்னொருத்திக்குத் தோன்றலாம். இரண்டும் சரிதான். முடிவெடுக்க ஓரிரு நாள் அவகாசம் கேட்பதிலும் தவறில்லை.

ஆனால் சில விஷயங்களில் தாமதம் கூடாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், காய்ச்சல் வந்தால், மயக்கமோ தாங்க முடியாத வயிற்றுவலியோ தோள்பட்டை வலியோ இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்கேன் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே கேடு. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசி தேவையா என்றும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சட்டத்தில் எழுதாத ஒன்று

மருத்துவம் மூன்று வழி தந்தது. சட்டம் ஆறு வாரம் தந்தது. ஆனால் கணவருக்கோ கூட இருப்பவருக்கோ இந்தியச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. நியூசிலாந்தின் மூன்று நாளில் இருக்கும் சிறப்பு அதுதான். அது துணைவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நம் ஊரில் அந்த இடத்தை அம்மா வீடு நிரப்பியது. 'இதுவும் ஒரு பிரசவம்தான், ஓய்வு எடு' என்று சொல்லிப் பத்தியம் வைத்துக் கொடுக்கும் பாட்டிகள் இருந்தார்கள். தொழிற்பேட்டைக்கு வந்த பெண்ணின் அம்மா வீடு முந்நூறு கிலோமீட்டர் தள்ளியோ, வேறு மாநிலத்திலோ இருக்கிறது.

அப்படியானால் அந்த இடத்துக்கு வருபவர் ரூம்மேட்டாக இருக்கலாம், லைனில் பக்கத்தில் நிற்கும் தோழியாக இருக்கலாம், கணவராக இருக்கலாம். அவர் செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. டாக்டர் சொல்வதைக் கூட இருந்து கேட்டு எழுதி வைப்பது. மூன்று வழிகளையும் கேட்டுப் பார்ப்பது, முடிவை அவளிடமே விடுவது. சான்றும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்கி இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கொடுப்பது. சாப்பாடு கொண்டு வருவது. 'போனா போகுது, அடுத்தது வரும்' என்று சொல்லாமல் இருப்பது. 'நீ என்ன சாப்பிட்டே?' என்று கேட்காமல் இருப்பது. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் குறைபாடு. அதை எந்தத் தாயும் தடுத்திருக்க முடியாது. 2021-ல் லான்செட் இதழின் கணக்குப்படி, தெரியவந்த கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் இப்படி முடிகின்றன. உலகில் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம். அத்தனை பேரும் தவறு செய்தவர்களா?

முடிவாக, ஆறு வார விடுப்பு என்பது வலுவான சட்டம். ஆனால் அது திறக்க வேண்டுமானால் 'எனக்குக் கரு கலைந்துவிட்டது' என்று அந்தப் பெண் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் சொன்னால் சான்று, கம்பெனியில் சொன்னால் விடுப்பு, வீட்டில் சொன்னால் துணை. 'காய்ச்சல்' என்று சொன்னால் இந்த மூன்றும் இல்லை. அவள் பயமில்லாமல் சொல்லும்படி நடந்துகொள்வது அவளைச் சுற்றி இருப்பவர்களின் வேலை. 1961-ல் எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். உங்கள் வகுப்பிலோ, ஹாஸ்டலிலோ, கம்பெனியிலோ யாருக்காவது இது தேவைப்படலாம். இந்த ஆறு வாரத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லி வையுங்கள்.